துபாயில் ஒரு பகல் தங்கும் தம்பதிகளுக்கு

நீண்ட பிரயாணத்தின் நடுவே துபாயில் விமானம் மாறும் தம்பதிகள், நிலையத்து நாற்காலியிலேயே பொழுதைக் கழித்துவிடாமல், சிறிது முன்யோசனையோடு நகருக்குள் சென்று வருவார்களாயின், அந்தச் சில மணி நேரமே பிரயாணத்தின் இனிய பகுதியாக அமையக்கூடும்.

* அனுமதி: இந்தியப் பாஸ்போர்ட் உடையவர்கள், 48 அல்லது 96 மணி நேர இடைத்தங்கல் விசாவை, புறப்படுவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் மூலம் பெற்றுக்கொள்வது உத்தமம்.

* பெட்டி: நம் சமையலறையில் சர்வசாதாரணமான கசகசா அங்கே தடை செய்யப்பட்ட வஸ்துவாதலால், மசாலாப் பொட்டலங்களில்கூட அது கலவாதபடி கவனியுங்கள்; மருந்துகளோடு வைத்தியரின் சீட்டும் இருக்கட்டும்.

* நேரம்: கோடையில் உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜமாகையால், காற்றுக் கோபுரங்கள் நிறைந்த அல் ஃபஹிதி பழைய குடியிருப்பை அதிகாலையிலும், 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவையும் அதையடுத்த குளிரூட்டிய அங்காடியையும் நடுப்பகலிலும், ‘க்ரீக்’ எனப்படும் கடற்கழியின் கரையைச் சாயங்காலத்திலும் பார்ப்பதே தேகத்துக்கு இதமானது. க்ரீக்கைக் கடக்கும் ‘அப்ரா’ படகுக்குச் சில்லறைத் திர்ஹம் வைத்திருங்கள்.

* ரயில்: விமான நிலையத்தின் முதலாம், மூன்றாம் முனையங்களிலிருந்தே மெட்ரோ கிடைக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கிய பகுதியில் கணவர் நின்றாலும், வண்டிக்குள் எவர் உண்டாலும் பருகினாலும் அபராதம் உண்டு.

* உடை: தோளும் முழங்காலும் மறையும் பருத்தி ஆடையோடு, அங்காடிகளின் கடுங்குளிருக்காக ஒரு மெல்லிய சால்வையையும், இருவருக்கும் தனித்தனியே தண்ணீர்ப் போத்தலையும் அவசியம் எடுத்துச் செல்லுங்கள்.