வாட்டம்: சொல்லும் பொருளும்

நுழையும்முன்

உள்ளத்தின் நிலையைக் கண்ணால் காண இயலாது. எனவே, கண்ணால் கண்ட ஒன்றன் பெயரை அதற்கு இட்டு வழங்குவது மொழியின் இயல்பு. அவ்வாறு பயிரிலிருந்து மனத்திற்கு வந்த சொல் ‘வாட்டம்’.

சொல்லமைப்பு

ஆடு – ஆட்டம், ஓடு – ஓட்டம் என்பனபோல, ‘வாடு’ என்னும் வினையடி டகரம் இரட்டித்து, ‘அம்’ விகுதி பெற்று ‘வாட்டம்’ என்னும் தொழிற்பெயராகிறது. வாடு என்பது தன்வினை. வாட்டு என்பது பிறவினை. ‘பயிர் வாடியது’, ‘வெயில் பயிரை வாட்டியது’ என்னும் தொடர்களில் இவ்வேறுபாட்டைக் காணலாம். வாழையிலையை அனலில் காட்டிப் பதப்படுத்துவதையும் ‘வாட்டுதல்’ என்றே கூறுகிறோம். கொத்தனார் தளத்திற்கு வைக்கும் ‘வாட்டம்’ நீர் வடிவதற்கான சரிவைக் குறிக்கும்; அது வேறொரு பொருளில் அமைந்த வழக்கு.

பொருள் விரிவு

நீர் பெறாத செடியின் இலைகள் தொங்கும், பொலிவு குன்றும். ஆயினும், வேரில் உயிர் இருக்கும். காலத்தில் நீர் வார்த்தால் செடி மீண்டும் நிமிரும். பட்ட மரமோ தளிர்ப்பதில்லை. துயருற்றவரைப் ‘பட்டுப்போனார்’ என்னாமல் ‘வாடினார்’ என்கிறோம். மீளலாம் என்னும் நம்பிக்கை இச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. முகவாட்டம், மனவாட்டம் என்னும் தொடர்கள் இவ்வாறு பிறந்தவையே.

பயிரின் வாட்டத்தையும் மனிதரின் வாட்டத்தையும் ஒன்றாகக் கண்டு வருந்தியவர் வள்ளலார். அவ்வருத்தம் சொல்லளவில் நின்றுவிடவில்லை. பசித்தோர்க்கு உணவளிக்க 1867ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமசாலையாக உருப்பெற்றது.

பொருள் வேறுபாடு

நெடுந்தொலைவு நடந்தவர் சோர்ந்திருக்கிறார். அவருக்கு ஓய்வு வேண்டும். தேர்வில் மதிப்பெண் குறைந்தவர் வாடியிருக்கிறார். அவருக்கு ஆறுதல் வேண்டும். ‘மனச்சோர்வு’ என்பதோ இன்று மருத்துவத்துறையில் ஒரு நோயின் பெயர். துயரமும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்தால், அதனை வெறும் வாட்டம் என ஒதுக்கிவிடலாகாது. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறி, மருத்துவரின் உதவியைப் பெறுதல் வேண்டும். அவ்வாறு உதவி நாடுவது இழுக்கன்று.

சரியான சொல்லைத் தேர்ந்து கூறுபவர் தம் நிலையைப் பிறர்க்கு உணர்த்துகிறார். அச்சொல்லைச் செவிகொடுத்துக் கேட்பவரோ வாடிய செடிக்கு நீர் வார்க்கிறார்.

கற்பவை கற்றபின்

1. வாடிய பயிர், வாடுபயிர், வாடாமல்லி – இலக்கணக் குறிப்புத் தருக.
2. சோர்வு, வாட்டம், மனச்சோர்வு ஆகியவற்றைப் பொருள் வேறுபாடு விளங்கத் தொடரில் அமைக்க.
3. வாடியிருந்த நண்பர் ஒருவரிடம் நீங்கள் பேசிய அல்லது பேச விரும்பும் சொற்களை ஒரு பத்தி அளவில் எழுதுக.