மருந்தும் பசியும்

மனச்சிதைவு நோய்க்கு மருந்து உண்பவர் சில மாதங்களில் பருத்துவிட்டால், "உட்கார்ந்து தின்கிறார்" என்று ஊர் பேசும். நீங்களும் அப்படிச் சொல்லியிருக்கலாம். பௌதிகம் கற்பிக்கும் எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆற்றல் அழிவின்மை விதி உடலுக்கும் உண்டல்லவா? செலவுக்கு மேல் நாள்தோறும் 100 கிலோகலோரி, அதாவது ஒரு வாழைப்பழ அளவு, உட்சென்றால் ஏறத்தாழ 77 நாளில் ஒரு கிலோ கொழுப்பு சேரும்.

கணக்கு சரி. ஆனால் அதிகம் உண்ணத் தூண்டுவது எது? ஓலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் மனக்குழப்பத்தைத் தணிக்கும்போதே, மூளையில் பசியை அடக்கும் ஹிஸ்டமின், செரோடோனின் ஏற்பிகள் சிலவற்றையும் அடைத்துவிடுகின்றன. ஆகவே, வயிறு நிறைந்தும் பலருக்குப் பசி அடங்குவதில்லை.

இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, டிரைகிளிசரைடு ஆகியவை கூடுதல், எச்.டி.எல். கொழுப்பு குறைதல். இவ்வைந்தில் மூன்று சேர்ந்தால் அதை 'வளர்சிதைமாற்றக் கூட்டுநோய்' என்பர். சர்க்கரை நோயும் இதய நோயும் இவ்வழியே வரும். மனச்சிதைவு உள்ளோர் பிறரைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக இறப்பதற்கு இதய நோய் ஒரு முக்கியக் காரணம்.

மருந்தை நிறுத்திவிடலாமா? கூடவே கூடாது, மனநோய் திரும்பிவிடக்கூடும். மருந்து தொடங்கும் நாளிலேயே எடையையும் இடுப்பளவையும் குறித்துவைத்து, அவ்வப்போது ஒப்பிட வேண்டும். தையற்காரரின் நாடாவே போதும். நம் நாட்டவர்க்கு எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. அளவு ஏறத் தொடங்கினால் மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றலாம், மெட்ஃபார்மினும் சேர்க்கலாம்.