“அக்காவுக்குத்தான் நிறைய!”



பூன் லேயில் ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பாண்டுங் ஊற்றிக் கொடுத்தேன். எல்லாருக்கும் ஒரே அளவு. ஒரே மாதிரி கிளாஸ் போதாததால் எட்டு வயது அக்காவுக்கு ஒல்லியான உயரக் கிளாஸ், ஐந்து வயதுத் தம்பிக்கு அகலமான கப்.

“அண்ணா, அக்காவுக்குத்தான் நிறைய!”

“பொய் சொல்லாதடா. உன் கண்ணு முன்னாலதானே அளந்து ஊத்துனேன்?”

பையன் அழ ஆரம்பித்துவிட்டான். அக்காதான் சமாதானம் சொன்னாள்: “இந்தக் கிளாஸ் ஒல்லிடா, அதான் உசரமாத் தெரியுது. ரெண்டும் ஒண்ணுதான்.” அவனுக்கு ஏறவே இல்லை.

பிறகு படித்தபோதுதான் புரிந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. தப்பு என்னுடையது.

நான்கு படிகள்

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே (1896–1980) இதே சோதனையைத் தண்ணீரை வைத்துச் செய்து காட்டியவர். பிள்ளைகளின் சிந்தனை நான்கு படிகளில் வளர்கிறது என்றார்.

1. பிறப்பு முதல் 2 வயது வரை: பார்த்து, தொட்டு, வாயில் வைத்துக் கற்கும் பருவம். சின்னக் குழந்தையின் பொம்மையைத் துணியால் மூடினால் தேடாது. சுமார் 8 மாதத்தில் துணியை இழுத்துத் தேடத் தொடங்கும். கண்ணில் படாததும் இருக்கிறது என்ற அறிவு அது.

2. 2 முதல் 7 வரை: பேச்சும் கற்பனையும் பெருகும். நிலா நம்மோடு நடந்து வருகிறது என்பார்கள். உயரத்தைப் பார்த்தால் அகலத்தை விட்டுவிடுவார்கள். நம் தம்பி இங்கேதான் இருக்கிறான்.

3. 7 முதல் 11 வரை: கண்முன் உள்ள பொருளை வைத்துக் காரணம் சொல்வார்கள். அக்கா சொன்னது போல.

4. அதற்கு மேல்: அறம், நியாயம், கடவுள் போன்ற கண்ணில் படாதவற்றையும் யோசிப்பார்கள். “அப்படி இல்லாவிட்டால்?” என்று கேட்பார்கள்.

வயதுகளை எல்லைக்கோடாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளுக்குப் பியாஜே நினைத்ததைவிட முன்பே பல விஷயங்கள் தெரிகின்றன என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு பிள்ளை முந்தும், ஒன்று பிந்தும்.

நம் ஊரில், நம் மொழியில்

சிங்கப்பூரில் 2009இல் தொடங்கிய கஸ்ட்டோ ஆய்வு, தாய் கருவுற்றிருந்த காலத்திலிருந்தே பிள்ளைகளின் வளர்ச்சியைக் கவனித்து வருகிறது. அதில் 6 மாதக் குழந்தைகளிடம் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்ந்த குழந்தைகள் அந்தப் படத்தில் சீக்கிரம் சலித்து, புதுப் படத்தைக் கூடுதலாகக் கவனித்தன. இது 2014இல் வெளிவந்தது. ‘தமிழும் பேசினால் பிள்ளை குழம்பிவிடும்’ என்று வீட்டில் யாராவது சொன்னால், இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைத்தமிழும் குழந்தையைப் பத்துப் பருவங்களாகப் பார்க்கிறது. கைகொட்டும் சப்பாணி முன்னால் வரும். நிலாவை விளையாட அழைக்கும் அம்புலி அதற்குப் பிறகு. அது இலக்கியம், ஆய்வு நூல் அல்ல. ‘எல்லாம் நாங்கள் முன்பே சொல்லிவிட்டோம்’ என்று மார்தட்ட வேண்டாம். ஆனால் எந்த வயதில் பிள்ளை எதை ரசிக்கும் என்று பார்த்துப் பார்த்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்.

வகுப்பு எடுப்பவர்களுக்கு

மாம்பழக் கதையை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் தத்துவம் கேட்காதீர்கள். மயில் மாதிரி பறக்க விடுங்கள். ஒன்பது வயதில், “பிள்ளையார் ஏன் அப்பா அம்மாவைச் சுற்றினார்?” என்று கேளுங்கள். பதிமூன்று வயதுப் பிள்ளை, “உலகத்தை நிஜமாவே சுத்தி வந்தது முருகன்தானே, அவருக்குக் கிடைக்காதது நியாயமா?” என்று திருப்பிக் கேட்டால் “சாமி குத்தம்” என்று வாயை அடைக்காதீர்கள். அது திமிர் இல்லை. நான்காம் படியில் ஏறிவிட்டதன் அடையாளம். நம்மில் எத்தனை பேர் அந்த வயதில் கேள்வி கேட்டு, திட்டு வாங்கி, கோயில் பக்கமே வராமல் இருந்தோம்?

இந்த வாரம் செய்து பாருங்கள்: வீட்டில் உள்ள ஐந்து வயதுப் பிள்ளை முன் இரண்டு ஒரே மாதிரிக் கப்பில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, ஒன்றை மட்டும் உயரக் கிளாஸுக்கு மாற்றுங்கள். “எதுல நிறைய இருக்கு? ஏன்?” என்று கேளுங்கள். பதிலைத் திருத்தாதீர்கள். கேட்டு எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

அந்தத் தம்பியிடம் மறுவாரம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி கப்தான்!