மண்டபத்தில் இரண்டாவது தாழ்ப்பாள்

வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் மண்டபத்தில், பாசி வளர்ப்போர் குழுவோ மீன் வியாபாரிகள் சங்கமோ வேர்ட்பிரஸில் ஓர் இணையதளம் நடத்துவதாக வைத்துக்கொண்டால், கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது காவல் அவசியமா என்று அதன் நிர்வாகி யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவசியம்தான். எந்தக் காவலை எவருக்கு வைப்பது என்பதே விசாரிக்கத் தக்க விஷயம்.

வேர்ட்பிரஸின் மூல நிரலில் இந்த வசதி கிடையாது. 'டூ ஃபேக்டர்' என்னும் செருகுநிரலை நிறுவினால், மின்னஞ்சல் குறியீடு, செயலிக் குறியீடு, மீட்புக் குறியீடுகள் ஆகியவை ஒவ்வொரு பயனரின் சுயவிவரப் பக்கத்திலும் வந்து நிற்கும். வேறு சில செருகுநிரல்கள் குறுஞ்செய்தியையும் அளிக்கின்றன.

வங்கி ஓடிபி-க்குப் பழகிப்போன சாமான்யர் மனம் குறுஞ்செய்தியையே நாடும். ஆனால் படகு கரையை விட்டு விலகியதும் சிக்னல் போய்விடுகிற இந்தக் கடற்கரையில், குறுஞ்செய்தியை நம்புவது காற்றை நம்பிப் பாய் விரிப்பதே. தவிர, நம் எண்ணுக்கு வேறொருவன் மாற்று சிம் வாங்கிவிட்டால் குறியீடு அவன் கைக்கே போய்ச் சேரும். நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

செயலிக் குறியீட்டின் விசேஷம், அது எங்கிருந்தும் வருவதில்லை என்பதுதான். தொடக்கத்தில் க்யூஆர் படத்தின் வழியாகக் கைப்பேசிக்குள் புகுந்த ஒரு ரகசியத்தையும் அந்தக் கணத்தின் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, 30 விநாடிக்கு ஒருமுறை 6 இலக்க எண்ணைக் கைப்பேசியே பிறப்பிக்கிறது. ஆகையால் நடுக்கடலிலும் அது பிறக்கும். கைப்பேசி அக்கரையில் உள்ள இலங்கைக் கோபுரத்தைப் பற்றிக்கொண்டால் கணக்குப் பிசகுமோ என்று சிலர் சந்தேகிக்கலாம். இரு கரைக்கும் 2006 முதல் ஒரே மணிதான். வேறாயிருந்தாலும் பாதகமில்லை, கணக்கு உலகப் பொது நேரத்தைக் கொண்டே நடக்கிறது. கடிகாரம் சரியாக ஓடினால் போதும்.

கைப்பேசி தண்ணீரில் விழுந்துவிட்டால்? அதற்காகவே மீட்புக் குறியீடுகள் பத்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே தடவைக்கு உதவும். அவற்றைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வைப்பதே உசிதம். அதே கைப்பேசியில் படமாகச் சேமிப்பவர், சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டுகிறார்.

எப்போதாவது ஒரு கட்டுரை எழுதித் தருபவருக்கு மின்னஞ்சல் குறியீடே போதுமானது. அஞ்சலுக்கும் தளத்துக்கும் ஒரே கடவுச்சொல்லை அவர் வைத்திருக்கக் கூடாது. பிரதான நிர்வாகிக்கோ, பணச் செலவைப் பாராமல், யுஎஸ்பி-யில் செருகும் பாதுகாப்புச் சாவியே உத்தமம்: போலித் தளம் கேட்டால் மனிதன் ஏமாந்து எண்ணைச் சொல்லிவிடுவான், சாவியோ அசல் முகவரிக்கன்றிப் பதில் தராது.

இரண்டாவது காவலைக் கட்டாயப்படுத்துவதில் நிதானம் வேண்டும். வேர்ட்பிரஸைப் போலவே தளம் நடத்த உதவும் ஜூம்லா மென்பொருளில் 4.2 பதிப்பு முதல் குறிப்பிட்ட பயனர் குழுக்களுக்கு மட்டும் இதைக் கட்டாயமாக்க முடிகிறது. அதே வகை மென்பொருளான துருபலின் டிஎஃப்ஏ தொகுதியோ, அமைத்துக்கொள்ளும் வரை சில தடவை விட்டுக்கொடுக்கிறது. நிர்வாகிக்கும் ஆசிரியருக்கும் விலக்கு அளிக்காதீர்கள். ஏனையோருக்கு அவகாசம் கொடுங்கள்.

நிர்வாகிகள் இருவராக இருக்கட்டும். ஒருவர் கைப்பேசியையும் காகிதத்தையும் சேர்த்துத் தொலைத்தால், மற்றவர் அவருடைய சுயவிவரப் பக்கத்தில் நுழைந்து இரண்டாவது தாழ்ப்பாளை நீக்கிக் கொடுக்கலாம். ஒருவரே இருந்தால், சர்வரில் புகுந்து கோப்புகளைத் தொடத் தெரிந்த ஆளைத் தேடித்தான் அலைய வேண்டும்.