விலை ஏறினால் காசு யாருக்கு?

வெள்ளவத்தை.

அன்புள்ள மருமகனுக்கு,

கொட்டாஞ்சேனையில் உன் கூட்டாளிமார் பங்கு வாங்கும் கதைதான் கதைக்கிறார்கள் என்று அம்மா சொன்னா. பங்கின் விலை ஏறினால் கம்பனிக்குக் காசு சேரும் என்று நீ நினைக்கிறாயாம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கம்பனி புதிதாகப் பங்கு வெளியிடும்போது மட்டும்தான் காசு அதன் கைக்குப் போகும். பிறகு கோட்டையிலுள்ள கொழும்பு பங்குச் சந்தையில் பெரும்பாலும் நடப்பது பழைய பங்குகள் கைமாறுவதுதான். தரகரின் திரையில் ஒருவர் 21.20 ரூபாய்க்குக் கேட்பார், இன்னொருவர் 21.50க்குத்தான் கொடுப்பேன் என்று நிற்பார். யாராவது இறங்கி வந்தால்தான் வியாபாரம். இணங்கியதே விலை, காசு விற்றவருக்கு. ஆனால் வேண்டும்போது விற்கலாம் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், புதுப் பங்கை முதலில் யார் வாங்குவார்? சந்தையின் பயன் அங்கேதான்.

இங்கே இது 1896இல் தொடங்கியது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை பரவிய காலம். கன்று நட்டுக் கொழுந்து எடுக்கச் சில வருடம் செல்லும். அதுவரை தாங்கத் தோட்டக்காரருக்கு முதல் தேவைப்பட்டது. காடு வெட்டிக் கன்று நட்ட மலையகத்துச் சனத்துக்குக் கிடைத்தது நாட்கூலி. பங்கிலாபம் வேறு ஆட்களுக்குப் போனது. வர்த்தகம் படிக்கிற நீ இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

போர் முடிந்த 2009இல் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. கூட்டாளிமார் இப்படியான வருடங்களைத்தான் சொல்வார்கள். நீ 2022ஐப் பார். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசு அறிவித்தது. புதுவருட விடுமுறைக்குப் பின் 18ஆம் திகதி திறக்கவேண்டிய சந்தையை, பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு ஐந்து வேலை நாட்களுக்கு மூடியது. கையில் பங்கு இருந்தும் விற்க வழியில்லை. அதே மாதம் மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. நிலையான வைப்புக்கே நல்ல வட்டி கிடைத்தால் பங்கு வாங்க யார் வருவார்? வாடகைக் காசும், செட்டியார் தெருவில் காப்பை அடகு வைத்து எடுத்த காசும் இதற்குள் போகவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் பங்குச் சந்தையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒன்றை எடுத்து முதலில் காசுப்பாய்ச்சல் கூற்றைப் பார். இலாபமென்று காட்டியது காசாக வந்ததா, வரவேண்டிய கடனாகவே நிற்கிறதா? விளங்காத இடங்களில் கோடிட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா, இருந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா