மடியைக் காக்கும் சிறு புரதங்கள்

தல்லாகுளம் முதலான மதுரை நகர்ப் பகுதிகளுக்குப் பால் தரும் சுற்றுப்புறக் கிராமங்களில் கறவை மாட்டுக்குப் பெரும் எதிரி மடிவீக்க நோயாகும். ஒரு காம்பு கெட்டாலும் வருமானம் குறையும். இந்நோயை எதிர்க்க மாட்டின் உடலிலேயே சில சிறு புரதங்கள் உள்ளன. அவற்றை அறிந்துகொண்டால், கறவையில் கடைப்பிடிக்கும் முறைகளின் காரணம் உங்களுக்கு எளிதில் விளங்கும்.

சிறு புரதம் என்பது என்ன?

அமினோ அமிலங்களை மாலைபோல் கோத்ததே புரதம். பாலிலுள்ள பீட்டா கேசீனில் 209 அமினோ அமிலங்கள் உண்டு. 1991இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மாட்டின் மூச்சுக்குழாயில் கண்ட சிறு புரதத்திலோ 38 மட்டுமே. 1993இல் மாட்டின் வெள்ளை அணுக்களில் இத்தகைய புரதங்கள் 13 கண்டறியப்பட்டன. இவை நேர் மின்னேற்றம் உடையவை. எதிர் மின்னேற்றமுள்ள பாக்டீரியாவின் மேலுறையில் ஒட்டி, அதைச் சிதைத்துக் கொல்கின்றன. தடுப்பூசியால் எதிர்ப்புத் திறன் உண்டாகச் சில நாட்கள் ஆகும்; இவையோ பிறவியிலேயே அமைந்த முதற்காவல்.

கணிப்பொறியும் சோதனைச்சாலையும்

எண்ணற்ற புரதங்களில் எது பாக்டீரியாவைக் கொல்லும் என ஒவ்வொன்றாகச் சோதிப்பது கடினம். சண்டிகர் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிலைய விஞ்ஞானிகள், அமினோ அமில வரிசையைக் கொண்டே இதனைக் கணிக்கும் கணிப்பொறி முறையை 2007இல் வெளியிட்டனர். விதையைச் சலித்தெடுத்தாலும் முளைப்புத்திறன் பார்த்துத்தானே விதைக்கிறோம்? அதுபோலக் கணிப்பொறி தேர்ந்தெடுத்த புரதத்தையும் சோதனைச்சாலையில் பாக்டீரியாவுடன் சேர்த்துப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

காம்புத் துளையில் மெழுகு போன்ற அடைப்பு உள்ளது. அதிலும் கிருமியை எதிர்க்கும் புரதங்கள் உண்டு. கறந்தபின் சுமார் அரை மணி நேரம் துளை திறந்தே இருக்கும். ஆகவே,

1. கறக்குமுன் மடியைக் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைக்கவும்.
2. கட்டை விரலை மடக்கிக் கறக்க வேண்டாம். காம்பின் உட்புறம் புண்ணாகும். முழுக்கை கொண்டு கறக்கவும்.
3. கறந்தபின் காம்புகளைக் கிருமிநாசினிக் கரைசலில் நனைக்கவும்.
4. உடனே தீவனம் இடவும். மாடு நின்றுகொண்டே தின்னும். திறந்த துளை சாணத்தில் படாது.
5. பாலில் திரியோ இரத்தமோ தென்பட்டால் உடனே கால்நடை மருத்துவரை அணுகவும். அம்மாட்டைக் கடைசியில் கறக்கவும்.

மருத்துவர் கூறாமல் ஊசி மருந்து போட வேண்டாம். பாதியில் நிறுத்தவும் வேண்டாம். மருந்துக்குப் பழகிய கிருமி அடுத்த மாட்டையும் கெடுக்கும். மருத்துவர் சொல்லும் நாள்வரை அப்பாலை விற்கக் கூடாது.

இயற்கை தந்த காவலுக்கு இடையூறின்றிக் கறந்து, மடியைக் காத்துப் பயன் பெறுவீர்!