துயருற்றார்க்குத் துணைநிற்றல்: ஊர்த்தொண்டரைப் பயிற்றும் ஆசிரியர்க்கு ஒரு பாடம்

சைவாசிரியர்காள்!

ஒருவர்க்கு நோய் வந்தவிடத்து வைத்தியரை அழைக்கின்றோம்; வழக்கு வந்தவிடத்து நியாயவாதியை நாடுகின்றோம். ஓரூர் முழுவதற்கும் ஒரே நாளிலே துன்பம் வந்தவிடத்து யாரை அழைப்பது? அப்பொழுது வைத்தியர் சிலர், துயருற்றார் பலர். அவ்வூரிலே முன்னமே வாழ்ந்து, அவ்வூராரை முறைகூறி அழைத்து, அவர் பிள்ளைகளின் பெயரறிந்தவர்களே முதலிலே சென்று நிற்றற்குரியர். அவருள்ளும் ஆசிரியர் முதல்வர். ஆதலால், துயர்க்காலத்திலே பிறர்க்குத் துணைநிற்கும் தொண்டரைத் தத்தம் ஊரிலே பயிற்றுதல் எங்ஙனம் என்பதை இப்பாடத்திலே கூறப் புகுகின்றோம்.

இது வேண்டுவதோ எனின், வேண்டுவதே. 2004ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 26ஆந் தேதி எழுந்த கடற்கோள் இவ்விலங்கையிலே 30,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. நெடுங்காலம் நிகழ்ந்த போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே முடிந்தபோது, எண்ணிறந்த குடும்பங்கள் உற்றாரையும் ஊரையும் இழந்து நின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022ஆம் ஆண்டிலே தேசம் அந்நியக் கடனைச் செலுத்தமாட்டாது நிறுத்தியது. எரிபொருளின்மையாற் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. இவற்றுட் சில இத்தீவிலே தோன்றியன. சில உலகமெங்கும் பரவி ஈண்டும் வந்தன. எங்கே தோன்றினும், முடிவிலே அவை வந்து தங்கும் இடம் வகுப்பிலே பின்வரிசையில் வாய்பேசாது இருக்கும் பிள்ளையின் முகமேயாம்.

1. முதலிற் களையவேண்டிய குற்றம்

நம்மவருள்ளே துக்கவீட்டுக்குச் செல்வோர் பலர், நல்லெண்ணத்தோடேயே, "எல்லாம் அவரவர் வினைப்பயன்" என்று சொல்லி வருகின்றனர். சொல்பவர்க்கு அது சித்தாந்தம். பிள்ளையை இழந்த தாய்க்கோ அது குற்றப்பத்திரிகை. "நான் செய்த பாவத்தினாலோ என் பிள்ளை மாண்டது?" என்னும் வினாவை அச்சொல் அவள் நெஞ்சிலே நட்டுவிடுகின்றது.

அற்றேல், வினைக்கொள்கை பொய்யோ எனின், அன்று. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினை மூவகைப்படும் என நம் மாணாக்கருக்குக் கற்பிக்கின்றோம். பிராரத்தம் நுகர்ந்து கழிக்கப்படுவது. ஆயினும், இன்னார்க்கு இன்ன துன்பம் வந்தது முன்செய்த இன்ன வினையால் என்று பிரித்துக் கூறும் ஞானம் நமக்கு யாண்டுளது? அன்றியும், துயருற்றாரை நாம் இப்பொழுது நடத்தும் முறை நமக்கு ஆகாமியமாகின்றது. வினைக்கொள்கை தன்னை நோக்கிச் சிந்திக்குமிடத்துப் பொறுமையைத் தரும். பிறர்மேல் எறியுமிடத்து வன்சொல்லாம்.

இதற்குச் சமயகுரவர் வாழ்க்கையே பிரமாணம். திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் கொடிமாடச் செங்குன்றூரிலே எழுந்தருளியிருந்தபோது உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அப்பொழுது அவர் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினார். வினையும் பயனும் இவை என அறிந்தவர் அவற்றினின்றும் நீங்கும் வழியைத் தேடாது வாளா இருத்தல் குறைபாடு என்பதே அதன் தொடக்கத்துக் கருத்து. வினையைக் காரணங்காட்டிக் கைகட்டி நிற்றலை நம் ஆசாரியர் கற்பித்திலர் என்க.

திருமருகலிலே நிகழ்ந்ததையும் நினைமின். உடன்வந்த வணிகன் பாம்பு தீண்டி இறக்க, ஒரு பெண் தனியளாய்ப் புலம்பினாள். வழிபட வந்த பிள்ளையார் அவ்வழுகுரலைக் கேட்டு அவளருகே சென்றார், அஞ்சாதே என்றார், நிகழ்ந்ததைச் சொல்லும்படி கேட்டார். தந்தை வாக்குத் தவறியது முதல் அவள் முழுவதும் சொல்லி முடித்த பின்னரே பதிகம் பாடி வணிகனை எழுப்பினார். அதனோடும் அமையாது, இருவர்க்கும் மணஞ்செய்து வைத்தார். இறந்தாரை எழுப்புதல் நம்மாலாவதன்று. அருகே செல்லுதலும், அச்சந்தீர்த்தலும், முழுவதும் கேட்டலும், பின்பு அவர் வாழ்தற்கு ஒரு வழி செய்தலும் நம்மாலாவனவே.

2. இக்காலத்து அறிஞர் கண்டவை

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், போரும் கடற்கோளும் தனியொருவரை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் ஊர்க்கட்டையும் ஒருங்கே புண்படுத்துகின்றன என 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியிலே காட்டினார். ஆகவே மருந்தும் ஊரளவிலே செய்யப்படல் வேண்டும் என்றும், அடிநிலைத் தொண்டரைப் பயிற்றுதலும், குடும்பங்களை வலுப்படுத்தலும், மரபான சடங்குகளை மீளவும் நிகழ்வித்தலும் அதன் உறுப்புக்கள் என்றும் கூறினார்.

உலக சுகாதார நிறுவனம் 2011ஆம் ஆண்டிலே உளவியல் முதலுதவிக்கு ஒரு கைந்நூல் வெளியிட்டது. பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்னும் மூன்றே அதன் செயல்முறை. நிகழ்ந்ததைச் சொல்லும்படி ஒருவரையும் வற்புறுத்தலாகாது என்றும், பொய்யான வாக்குறுதி கொடுத்தலாகாது என்றும் அந்நூல் விதிக்கின்றது.

ஆபிரிக்காவிலே சிம்பாப்வே தேசத்துத் தலைநகராகிய அராரேயிலே நிகழ்ந்ததொன்று ஆசிரியர் அறியற்பாலது. அத்தேசத்திலே உளமருத்துவர் மிகச் சிலர். அவருள் ஒருவராகிய டிக்சன் சிபாண்டா என்பவர் 2006ஆம் ஆண்டிலே, ஊர்ச் சுகாதாரத் தொண்டு செய்துவந்த 14 பாட்டிமாரைப் பயிற்றினார். அவர் மருத்துவ நிலையத்து முற்றத்திலே மரவாங்கு ஒன்றில் அமர்ந்து, வந்தவர் சொல்வதைக் கேட்டனர். முதலிலே அதற்கு உளநல வாங்கு எனப் பெயரிட்டபோது சனங்கள் வரக் கூசினர். பாட்டிமாரே நட்பு வாங்கு எனப் பெயரை மாற்றுவித்தனர். அதன்பின் வந்தனர். மனத்தைத் திறத்தல், மேலெடுத்தல், வலிமைசெய்தல் எனப் பொருள்படும் தாய்மொழிச் சொற்களே அவர் முறையின் மூன்று படிகள். வந்தவர் தம் துன்பங்களை எண்ணிச் சொல்லுவர். அவற்றுள் ஒன்றைத் தாமே தெரிந்தெடுப்பர். அதற்குத் தம்மாலியன்ற ஒரு செயலைத் தாமே துணிவர். அடுத்தமுறை வந்து நிகழ்ந்ததைச் சொல்லுவர். 24 மருத்துவ நிலையங்களிலே 573 பேரைக்கொண்டு செய்த பரிசோதனை 2016ஆம் ஆண்டிலே வெளிவந்தது. ஆறு மாதத்தின்பின், வாங்கிலிருந்து பேசினோர் மேம்படுத்திய வழக்கமான சிகிச்சை பெற்றோரினும் மிகத் தேறியிருந்தனர் என அது காட்டிற்று.

அப்பாட்டிமார் பட்டம் பெற்றவரல்லர். அளவான பயிற்சியும், மேற்பார்வையும், ஊரார் நன்மதிப்புமே அவர் கருவி. நம்மூரிலே இம்மூன்றையும் ஆசிரியரால் உண்டாக்க முடியாதோ?

3. பயிற்றும் முறை

முதலாவது, காணல். தொண்டர் பேசப் புகுமுன் பார்க்கக் கற்றல் வேண்டும். இடம் அபாயமற்றதோ? உணவின்றி இருப்பவர் யார்? தனித்துவிடப்பட்ட பிள்ளை, முதியோர், ஊனமுற்றோர் எங்கே? பசித்தவனுக்கு வேண்டுவது சோறு, சொல்லன்று. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1877ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்திலே பஞ்சம் நேர்ந்தபோது பிரசங்கத்தோடு நின்றாரல்லர், கஞ்சித்தொட்டி வைத்தார்கள்.

இரண்டாவது, கேட்டல். இதனை மூவர் மூவராகப் பயில்க. ஒருவர் தமக்கு உண்மையாய் நேர்ந்த சிறு தொல்லை ஒன்றை ஐந்து நிமிடம் சொல்லுக; பெருந்துயரைப் பயிற்சிக்கு எடுக்கலாகாது. மற்றொருவர் கேட்க, அவர் புத்திமதி கூறலும், தம் கதையைச் சொல்லலும், "இதற்கோ அழுவது" எனலும் விலக்கு. மூன்றாமவர் இவை தவறியவிடங்களைக் குறித்துக்கொள்க. முடிவிலே கேட்டவர் தாம் கேட்டதை இரண்டு வாக்கியத்தாற் சொல்ல, சொன்னவர் சரியோ பிழையோ எனக் கூறுக. பின்பு மூவரும் இடமாறுக. இப்பயிற்சி மற்றெவரினும் ஆசிரியர்க்கே அரிது. ஏனெனில் நம் நா கற்பித்துப் பழகியது. நம் செவி அத்துணைப் பழகிற்றில்லை.

மூன்றாவது, ஒரு செயலைத் தெரிதல். ஒரு தாய், கடன், நித்திரையின்மை, பிள்ளைக்குச் சப்பாத்து இல்லாமை, கணவன் வேலையின்மை என நான்கு தொல்லை சொல்கின்றாள் என்க. தொண்டர் நான்கையும் தீர்க்கப் புகுவாராயின் ஒன்றும் தீராது. எதனை முதலில் எடுப்போம் என அவளையே வினாவுக. அவள் சப்பாத்தைச் சொன்னால், அது சிறிது எனத் தள்ளற்க. பிள்ளை மறுநாள் பாடசாலைக்கு வந்தால், "ஒன்று முடிந்தது" என்னும் எண்ணம் அவளுக்குப் பிறக்கும். நம்பிக்கை என்பது அதுவே. "எல்லாம் நன்றாகும்" என நாம் கூறுவது நம்பிக்கையன்று; நமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லுதலாம்.

நான்காவது, இணைத்தல். வைத்தியசாலை, கிராம உத்தியோகத்தர், ஆலய அன்னதானசபை, பாடசாலையின் ஆலோசனை ஆசிரியர் என யாரிடம் எதற்கு அனுப்புவது என்னும் அட்டவணையைத் தொண்டர் ஒவ்வொருவரும் தம்மூருக்கெனத் தாமே எழுதி வைத்திருத்தல் வேண்டும். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் அதில் இருத்தல் வேண்டும்.

4. எல்லை அறிதல்

பல வாரங்களாக உண்ணாமலும் உறங்காமலும் இருப்பவரையும், இல்லாத குரல் கேட்பவரையும், சாக எண்ணுபவரையும் தொண்டர் தாமே தேற்ற முயலாது வைத்தியரிடம் உடன் கொண்டுசெல்லல் வேண்டும். மாணாக்கர் ஒருவர் "ஒருவர்க்கும் சொல்லற்க" என வேண்டிக்கொண்டு தாம் சாக நினைத்தலைக் கூறினால், அவ்வாக்குக் கொடுத்தலாகாது. "உன்னைக் காக்க வல்லவர்க்கு மாத்திரம் சொல்வேன், சொல்லும்போது உன்னுடன் இருப்பேன்" என்றலே முறை.

தொண்டரும் மனிதரே. அவரும் அதே கடற்கோளில் வீடிழந்தவராயிருத்தல் கூடும். ஆதலின் வாரம் ஒருமுறை அவர்கள் கூடித் தம் சுமையை ஒருவர்க்கொருவர் சொல்லுதற்கு ஆசிரியர் இடமும் நேரமும் ஒதுக்குக. பிறர் பெயரையும் இரகசியத்தையும் அக்கூட்டத்திலும் வெளியிடலாகாது.

5. ஓர் ஐயமும் விடையும்

அற்றேல், சைவாசிரியர் சமயம் பேசாது விடுவதோ எனின், அன்று. பேசுங்காலத்தையும் முறையையும் அறிதலே வேண்டும். துயருற்றார் தாமே வழிபாட்டை விரும்புமிடத்து, உடனிருந்து தேவாரம் ஓதுதலும், ஆலயத்துக்கு அழைத்துச் செல்லுதலும், அந்தியேட்டி முதலியவற்றுக்குப் பொருளும் ஆளும் உதவுதலும் பேருபகாரம். பலர் கூடி ஒரே பண்ணிலே ஓதுமிடத்துத் தனிமை நீங்குகின்றது. கடலிலே உடல் கிடையாது போனவர்க்குத் தருப்பையால் உருவமைத்துக் கிரியை செய்யும் வழக்கு உண்மையின், அதனை அறியாது வருந்தும் குடும்பத்துக்குக் குருக்களை அழைத்துக் கொடுத்தல் நன்று.

ஆனால் ஒன்று. காணாமற்போனவரின் தாயர் பலர், மகன் இறந்தான் என ஏற்றுக்கொண்டாரல்லர். அவரைக் கிரியை செய்யும்படி வற்புறுத்தல், மகனைத் தன் கையாலேயே கொல்லும்படி சொல்லுதலோடு ஒக்கும். அவர் காத்திருப்பதையும் ஏற்று, அவர் சொல்வதையும் கேட்டு, அவர் உண்ணுகின்றாரா என்று பார்த்து உடனிருத்தலே அங்கே சிவதொண்டு. சிவனுடைய நீறணிந்து சென்று மௌனமாய் இருந்து கேட்டவர், சமயத்தைப் பேசாது விட்டாரல்லர். அதனை வாழ்ந்து காட்டினவராவர்.

6. பயிற்சி வினாக்கள்

(1) திருமருகல் நிகழ்ச்சியிலே காணல், கேட்டல், செயல் என்பன எவ்வெவ்விடத்து அமைந்துள்ளன?

(2) துக்கவீட்டிலே நீவிர் கேட்ட ஆறுதற்சொற்கள் ஐந்தை எழுதுக. அவற்றுள் ஆற்றியவை எவை? புண்படுத்தியவை எவை? காரணம் கூறுக.

(3) உம்மூருக்குரிய இணைத்தல் அட்டவணையை எழுதுக.

(4) உம் வகுப்பிலே இவ்வாரம் வாய்பேசாதிருந்த பிள்ளை யார்?

இவற்றுள் நான்காம் வினாவுக்கு விடை காகிதத்திலே எழுதவேண்டுவதில்லை. நாளைக் காலையிலே அப்பிள்ளையினருகே சென்று இருப்பதே விடையாம். அதற்கு வேண்டிய பொறுமையையும் அன்பையும் சிவபிரான் நமக்கு அருளுவாராக.

திருச்சிற்றம்பலம்.